வலது பக்கக் கண்ணாடி

அன்புள்ள அத்தைக்கு,

அந்தச் செய்தி எனக்கு வந்தபோது மணி காலை பத்து இருபத்தேழு. எத்தனை மணிக்குச் சொன்னார்கள், அப்போது எங்கே இருந்தீர்கள் மாப்பிள்ளை என்று நீங்கள் பல தடவை கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் "ம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு வேறு சொல் வருவதில்லை. நீங்களும் அழ ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று இரும்புக் கயிறு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சிக்னல் கிடைக்காது. பெட்டி மேல்தளத்துக்கு ஏறியதும் போன் அடித்தது. எடுத்தேன். உங்கள் பெண் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து பேசினார்கள். அதற்கு முன்னாலும் பல தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்கு வந்து சேரவில்லை. அன்றிலிருந்து நான் போனை அணைப்பதில்லை அத்தை. தூங்கும்போது நெஞ்சுமேல் வைத்துக்கொள்கிறேன். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இதில் அர்த்தமில்லை என்று தெரியும்.

மச்சான் அனுப்பிய செய்தி வந்தது. அவள் ஓட்டிய வண்டியை வாங்க ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார். பேத்தி வாலுவை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதால் இங்கே டி.சி. வாங்கி அனுப்பச் சொன்னார். நீங்கள் எல்லாரும் யோசித்துத்தான் சொல்லியிருப்பீர்கள். இங்கே பள்ளிக்கூடம் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. வேன் எங்கள் தெருவுக்குள் வராது. பஸ் என்றால் இரண்டு தடவை மாற வேண்டும், அதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். ஒற்றை ஆளாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று நீங்களும் கேட்டீர்கள். வாலுவைக் கொண்டுபோய் விட்டது அவள். அவளைக் கொண்டுபோனது அந்த மோட்டார் சைக்கிள். எனக்கு ஓட்டத் தெரியாது. கல்யாண வீட்டிலேயே மச்சான் எனக்குப் "பின்சீட்டு மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தார். நானும்தான் சிரித்தேன்.

அத்தை, இப்போது நான் ஓட்டுகிறேன். இதை நேரடியாகச் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் முதலிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. அந்த வண்டிதான் என் பெண்ணைக் கொன்றது, அது ஆட்டிய ஆட்டத்தில்தான் தலையில் நரம்பு அறுந்தது என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவள் கடைசியாகப் போன வீட்டுக்கு நான் போய் விசாரித்தேன். மூன்றாம் மாடியில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. வண்டியை வாசலில் நிழல் பார்த்து விட்டிருக்கிறாள். பெரிய ஸ்டாண்டு போட்டு, பூட்டி, ஹெல்மெட்டைக் கொக்கியில் மாட்டியிருக்கிறாள். மேலே போய் ரத்தம் எடுத்து, குப்பியில் பெயர்ச்சீட்டு ஒட்டி, பெட்டியில் வைத்து மூடியிருக்கிறாள். அப்புறம் தலை வலிக்கிறது, கொஞ்சம் தண்ணீர் தருகிறீர்களா என்று கேட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். ரத்தக்குழாய் பிறவியிலேயே மெலிந்திருந்தது, வீட்டில் படுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். வண்டி ஒரு தப்பும் செய்யவில்லை. அன்றைக்கு விழாமல் நின்றது அது ஒன்றுதான்.

அன்று நான் அழாமல் அவளைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் பிளக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். கல்நெஞ்சக்காரன் என்று பெரியம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது. பிளக் தளர்ந்திருந்தது அத்தை. விட்டுவிட்டுக் கரண்ட் போனது. யாராவது அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

நீங்கள் வாலுவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போன பிறகு அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டார். வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். போனேன். ஓட்டத் தெரியாதவன் வண்டியை எடுக்கப் போனால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். வெயில். பாதி வழியில் காய்கறி மூட்டை ஏற்றிய ஒரு ஸ்கூட்டர்காரர் பக்கத்தில் வந்து பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று கேட்டார். இவ்வளவு பெரிய ஆம்பளை, ஓட்டத் தெரியாது என்று எப்படிச் சொல்வது. தலையாட்டிவிட்டேன். ஏறி உட்காரச் சொன்னார். தன் காலை என் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து அழுத்தித் தள்ளினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னது ஸ்கூட்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பெட்ரோல் பங்க் வரைக்கும் இஞ்சின் ஓடாத வண்டியில் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு போனேன். வாழ்க்கையில் நான் முதல்முதலில் முன்சீட்டில் போனது அப்படித்தான். அவர் என்னைப் பங்கில் விட்டுவிட்டுக் கையசைத்துப் போனார். அதற்குமேல் பெட்ரோல் போடாமல் நகர முடியுமா. பங்க்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஃபுல்லா இருக்கேண்ணே" என்றார்.

முந்தின நாள்தான் அவள் நிரப்பியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பேன். ஓடாமல் கிடந்தால் இஞ்சின் கெட்டுவிடும். செயினுக்கு எண்ணெய் விட்டேன். கிளட்ச் கேபிள் மாற்றினேன். அந்த வண்டியைப் பிரித்துப் பூட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஏறி உட்காரச் சொன்னால்தான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அப்போதுதான் பட்டாசு வந்தாள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், லேபில் அவளோடு வேலை பார்த்தவள், அன்றைக்கு உங்கள் பக்கத்திலேயே இருந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் வெடிக்கிறாள் என்று உங்கள் பெண் வைத்த பெயர்தான் பட்டாசு. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலைக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். பட்டாசுக்குத் தெரியாது. உங்கள் பெண்தான் கற்றுக்கொடுத்தாள். அவளுடைய டிபன் டப்பா லேபில் கிடந்தது என்று கொடுக்க வந்தவள், வாசலில் நான் வண்டியை ஓடவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். "டி.வி. பாக்கற மாதிரி வண்டியப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்களேண்ணா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூடிக் கிடக்கும் ஒரு ஆலைக்குப் பின்னால் லாரிகள் நிறுத்தும் மைதானம் இருக்கிறது. அங்கேதான் இவர்கள் எல்லாரும் கற்றுக்கொண்டார்களாம். பட்டாசின் வீட்டுக்காரரும் வருவார். அவர் பஸ் டிரைவர். மதில்மேல் ஏறி உட்கார்ந்து, பந்தயத்துக்கு வர்ணனை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். "இதோ பிரேக் பிடிக்கிறார், மறுபடியும் பிரேக் பிடிக்கிறார், பிரேக் பிடிப்பதில் நம்மவரை மிஞ்ச ஆளே இல்லை."

உண்மைதான். எங்கள் தொழிலில் சந்தேகம் வந்தால் நிறுத்திவிடுவோம். கரண்ட் போனாலும் கயிறு தளர்ந்தாலும் பெட்டி தானாக நின்றுவிடுகிற மாதிரிதான் லிஃப்டைச் செய்திருப்பார்கள். நின்றுவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை. இத்தனை வருஷமாக என் கை அதைத்தான் பழகியிருக்கிறது. மைதானத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தாலும் பிரேக், காகிதம் பறந்தாலும் பிரேக். ஹேண்டில் கோணலாக இருக்கும்போது பிரேக் பிடித்தால் வண்டி சாய்ந்து கீழே போய்விடுகிறது. முதல் வாரம் முழங்கை, இரண்டாம் வாரம் முழங்கால். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லக்கூட வழியில்லை, வர்ணனை சொல்ல மேலே ஒரு ஆள் இருக்கிறார். விழுவதைவிட அதற்கு முன்னால் வருவதுதான் மோசம். வண்டி மேல் ஏறியதும் உள்ளங்கை வேர்த்துவிடும். முன்சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. ஒரு தடவை இறங்கி, வேண்டாம்மா, வண்டியை வித்துடறேன் என்று சொல்லிவிட்டேன்.

பட்டாசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நின்னாத்தான்ணா விழும். ஓடற வண்டி எங்கயாவது விழுமா? சக்கரத்தப் பாக்காதீங்க, போற எடத்தப் பாருங்க. பயம் வந்தா வரட்டும். பின்னாடி ஏறி உக்காரச் சொல்லுங்க, ஹேண்டில மட்டும் குடுத்துடாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அத்தை. சொல் மட்டுமில்லை, அந்த இழுப்பு, கடைசியில் முகவாயைத் தூக்குவது, எல்லாம் உங்கள் பெண். கேட்டேன். "அவ என்னைத் திட்டினத அப்படியே உங்களத் திட்டறேன், அவ்வளவுதான்" என்றாள். அவளுக்குச் சொந்தமாகத் திட்டத் தெரியாதாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் உறைத்தது. பயத்தைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டு என்றால், இத்தனை வருஷம் அவள் அப்படி ஏற்றிக்கொண்டு போனது என்னைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். பழகுவதற்காக மட்டும் இல்லை. இன்னும் என்ன சொல்லித் திட்டினாள் என்று கேட்பதற்காகவும்தான்.

பிரேக் பிடிக்கும் பழக்கம் மெதுவாகக் கையை விட்டுப் போனது. லைசன்ஸும் வாங்கிவிட்டேன். எட்டுப் போட்டு முடித்ததும் அந்த அதிகாரி, எல்லாம் சரி, கொஞ்சம் மூச்சு விடுங்கள் சார் என்றார்.

அடுத்தது வாலு. எனக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பத் தெரியாது. புது லிஃப்டை ஒப்படைப்பதற்கு முன்னால் ஆட்களின் எடைக்கு இரும்புக் கட்டிகளை ஏற்றி மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்போம். அதேபோல வாலுவின் எடைக்குக் கட்டிகளை எடுத்து, புத்தகப் பைக்கும் கொஞ்சம் சேர்த்து, சாக்கில் போட்டுப் பின்சீட்டில் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வாசலில் காவலாளி வந்து மூட்டையில் என்ன என்று கேட்டார். "பொண்ணு" என்று வாயில் வந்துவிட்டது. அவர் சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விவரமாகச் சொல்லிப் புரியவைத்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் பாப்பாவை நானே கைபிடித்து இறக்கிவிடுகிறேன் என்றார்.

பட்டாசிடம் பெருமையாகச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏண்ணா, இரும்பு கேள்வி கேக்குமா? இரும்புக்கு ஒண்ணுக்கு வருமா?" நாளைக்கு நானே வாலு, பின்னாடி ஏறி வரேன், என்னை எறக்காம ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் அத்தைக்கு எழுதலாம் என்றாள். அதனால் இதை இங்கே நிறுத்தி வைக்கிறேன்.

*

மேலே இருப்பது நேற்று எழுதியது. இன்று சாயங்காலம் தொடர்கிறேன்.

பட்டாசு ஏறினாள். மைதானத்தைத் தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள். அப்பா அங்க பாரு பலூன் என்று ஒரு பக்கம் சாய்ந்தாள். அந்த ஆளுக்கு ஏன் முடியே இல்லை என்று கேட்டாள். பாட்டு வேறு. செருப்பு விழுந்துவிட்டது என்றாள், விழவே இல்லை. வீட்டுக்காரர் மதில்மேல் இருந்து, அப்பா எனக்கும் ஒரு பலூன் என்று கத்தினார். மெயின் ரோட்டில் ஒரு பஸ் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தபோது கை பிரேக்குக்குப் போனது. போனதை நானே பார்த்தேன். அழுத்தவில்லை. போகிற இடத்தைப் பார்த்தேன். பஸ் தாண்டிப் போய்விட்டது.

பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதில் ஏறும்போது குனிந்தேன். குனிந்தபோது வலது பக்கக் கண்ணாடியில் பட்டாசின் முகம் முழுசாகத் தெரிந்தது.

அந்தக் கண்ணாடியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது உள்பக்கமாகத் திரும்பி இருக்கும். பின்னால் வருகிற வண்டி அதில் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து, கண்ணாடி தப்பா இருக்கு, திருப்பி வை என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். "எனக்குச் சரியாத்தான் தெரியுது, நீங்க கம்முனு உக்காருங்க" என்பாள். ரோட்டுக்கு இடது பக்கக் கண்ணாடியும், கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதும் போதும் என்பாள். இப்போதும் நான் அதைத் திருப்பாமல்தான் வைத்திருந்தேன். அவள் வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்றுதான், வேறு காரணமில்லை. நான் உயரம் என்பதால் அதில் என் சட்டைப் பொத்தான்தான் தெரியும். குனிந்து அவள் உயரத்துக்கு வந்தபோதுதான் பின்சீட்டு தெரிந்தது.

பின்னால் உட்காரும்போது நான் அடிக்கடி கண்ணை மூடிக்கொள்வேன் அத்தை. லாரி பக்கத்தில் வந்தால், வளைவு வந்தால், மூடிக்கொள்வேன். மூடியதும் வண்டி மெதுவாகும். ரோடு மோசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஸ்டாண்டு போட்டேன். சாவியை எடுத்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நடந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. பட்டாசு பக்கத்தில் நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. என்னைக் கல்நெஞ்சக்காரன் என்ற பெரியம்மா கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டினேன்.

அத்தை, டி.சி. வாங்க வேண்டாம். வண்டிக்கு ஆள் பார்த்ததற்கு மச்சானிடம் நன்றி சொல்லுங்கள், விற்கப் போவதில்லை. நான் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வாலுவைக் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். காலையில் போகும்போது நானே விட்டுவிடுவேன். சாயங்காலம் பட்டாசு வேலை முடிந்து வரும் வழியில் கூட்டிவந்து தன் வீட்டில் வைத்திருப்பாள், அவள் வீட்டுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார். வாலுவுக்குத் தலை பின்னுவதற்குக் கயிற்றை வைத்துப் பழகுகிறேன், அது மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குகிறது என்று பட்டாசு சொல்கிறாள்.

போன வாரம் போனில் வாலுவிடம் அப்பா வண்டி ஓட்டுகிறேன் என்று சொன்னேன். "நீ பின்னாடிதானே உக்காருவ?" என்று கேட்டாள். அவள் பயந்தால் வற்புறுத்த மாட்டேன். அவளுக்குப் பழகும் வரை இரண்டு தடவை பஸ் மாறியே கூட்டிப் போகிறேன், மேலதிகாரியிடம் பேசிவிட்டேன். பின்சீட்டில் எவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா.

வாலுவின் துணிப்பெட்டியின் அடியில் ஒரு நீலப் பட்டை இருக்கும், இரும்புக் கொக்கி வைத்தது. நாங்கள் உயரத்தில் வேலை செய்யும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டின் கொக்கி அது. பழசானதை நான் கொண்டுவந்து கொடுத்தேன், உங்கள் பெண் துணி வைத்துத் தைத்தாள். அதைத் தன் இடுப்பில் சுற்றி வாலுவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுவாள். தயவுசெய்து அதை எடுத்து வையுங்கள். என் இடுப்புக்கு எட்டாவிட்டால் ஒரு ஒட்டுத் துணி போட்டுத் தைத்துக்கொடுங்கள். உங்கள் தையல்தான் அவளுக்கும் வந்தது.

வாலுவையும் நான் கூட்டிவந்துவிட்டால் உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வீடு இப்போது அப்படித்தான் இருக்கிறது. அதனால் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, எழுதத்தான் முடிகிறது. நீங்களும் கூட வாருங்கள் அத்தை. ஒரு மாதமோ, ஒரு வருஷமோ, உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி. தினமும் காலையில் வாசலில் நின்று எப்படி ஓட்டுகிறேன் என்று பாருங்கள். சரியில்லை என்று தோன்றினால் அன்றைக்கே சொல்லுங்கள், சாவியை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பிவிட்டேன், பின்சீட்டு தெரிகிற மாதிரி.

உங்கள் காலும் கையும் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள். வாலுவுக்கு என் முத்தம்.

தபால் பெட்டி மெயின் ரோட்டில் இருக்கிறது. வண்டியில்தான் போகப் போகிறேன். ஓட்டும்போது போன் மணி அடித்தால் என் கை ஹேண்டிலை விட்டுச் சட்டைப் பைக்குப் போகிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் நேரம்தான் இது. இன்றைக்குக் கிடைக்காமல் பதறியிருப்பீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் எப்போது கிடைக்காவிட்டாலும், ஓட்டிக்கொண்டிருக்கிறான், வந்துவிடுவான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

போனை அணைத்துவிட்டேன்.

உங்கள்
மாப்பிள்ளை